யாருடைய மாதிரி? பழவேற்காட்டிலிருந்து ஒரு நிற வரலாறு

1

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் மீன் விற்கும் ஒரு ஆயாவைப் படம் எடுத்திருந்தேன். கேமராவில் நன்றாக இருந்தது. கம்ப்யூட்டரில் இன்னும் நன்றாக இருந்தது. வீட்டு பிரிண்டரில் போட்டு, எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஆயா கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "சீலை என்னுதுதான். மூஞ்சி யாருதுப்பா?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். சேலையின் நீலம் அப்படியே வந்திருந்தது. முகம் மட்டும் ஒரே இருட்டு. கன்னத்து மினுக்கம், கண்ணோரச் சுருக்கம் எல்லாம் மையில் முங்கிப்போயிருந்தன. அடுத்த வாரம் வெளிச்சத்தைக் கூட்டி இன்னொரு பிரதி போட்டேன். "இப்ப சாம்பலப் பூசிட்டியா?" என்றார்.

இதற்கு இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. ஒன்று, பிரிண்டர் மட்டம். இன்னொன்று, கறுப்புத் தோலைப் படத்தில் கொண்டுவருவது கஷ்டம். இந்த இரண்டாவது பதில் தொழில்நுட்பம் போலவும் இயற்கை போலவும் வேஷம் கட்டிக்கொண்டு வரும் ஒரு வரலாறு. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

2

முதலில் சங்கதி என்ன என்று பார்த்துவிடலாம். மானிட்டர் வெளிச்சத்தை உமிழ்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டினால் வெள்ளை. தாள் வெளிச்சத்தை விழுங்குகிறது. மை ஏற ஏற இருட்டு. திரையில் தெரியும் எல்லா நிறத்தையும் தாளால் காட்ட முடியாது. தாளால் முடிகிற சிலதைத் திரையாலும் முடியாது. ஆக, 'சிவப்பு 200' என்று கம்ப்யூட்டர் சொன்னால் ஒவ்வொரு எந்திரமும் அதைத் தன் போக்கில் புரிந்துகொள்ளும். கலர் புரொஃபைல் என்பது இந்த எந்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் துபாஷி. 'இந்த பிரிண்டர், இந்த மை, இந்தத் தாள், இதில் இன்ன எண்ணுக்கு இன்ன நிறம்தான் விழும்' என்று அளந்து எழுதி வைத்த அட்டவணை.

துபாஷிக்கு ஒரு பொதுமொழி வேண்டுமே. அது 1931-இல் சர்வதேச ஒளியியல் ஆணையம் வகுத்தது. இங்கிலாந்தில் ரைட் என்பவர் பத்துப் பேரையும் கில்ட் என்பவர் ஏழு பேரையும் உட்காரவைத்து, நிறங்களைப் பொருத்திப் பார்க்கச் சொல்லி அளந்தார்கள். அந்தப் பதினேழு ஜோடிக் கண்களின் சராசரிதான் 'நியமப் பார்வையாளர்'. இன்றைக்கும் நம் மானிட்டர், பிரிண்டர் எல்லாம் கடைசியில் அவரிடம்தான் கணக்கு ஒப்பிக்கின்றன. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்துக்காரர் கண் வேறு, நம் கண் வேறு என்பதல்ல வாதம். நிறத்தைப் பார்க்கும் கண்ணில் இனம் இல்லை. எந்த நிறம் சரியாக வந்தால் போதும் என்று முடிவு செய்யும் இடத்தில்தான் இனம் வந்து உட்காருகிறது.

3

அந்த இடத்தின் பெயர் 'ஷெர்லி'. 1954-இல் அமெரிக்க அரசு கலர் பிரிண்ட் போடும் தொழிலில் கோடாக்கின் ஏகபோகத்தை உடைத்தது. வெளி லேப்கள் பிரிண்ட் போடத் தொடங்கின. அவர்கள் எந்திரத்தைச் சரிபார்க்க கோடாக் ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அப்படி நின்ற கோடாக் ஊழியரின் பெயர் ஷெர்லி. பிறகு யார் நின்றாலும் அட்டைக்கு அதே பெயர். ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் எந்திரம் 'நார்மல்'. பக்கத்தில் நிற்கும் கறுப்புக் குழந்தை பல்லும் கண்ணுமாக மட்டும் தெரிந்தால் அது எந்திரத்தின் குற்றமாகாது, குழந்தையின் குற்றம். ஒரு விதி தன்னை மறைத்துக்கொண்டு 'இயல்பு' ஆகிவிடுவது இப்படித்தான்.

பிலிமின் ரசாயனத்தில் அடர் பழுப்பின் படிகளைக் கூடுதலாகப் பிடிக்க வழி இருந்தது. கறுப்பினத் தாய்மார்கள் தம் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படங்களைப் பற்றிச் சொன்ன புகார் காதில் ஏறவில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் சரக்கு விளம்பரத்தில் சரியாக விழவில்லை என்று சொன்னபோதுதான் ஏறியது. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் எழுதிய கட்டுரை இதை விரிவாகப் பேசுகிறது. மனிதத் தோலுக்குக் கிடைக்காத நியாயம் தேக்கு மேசைக்குக் கிடைத்தது!

படம் எடுப்பது எப்போதும் அன்பளிப்பாகவும் இருந்ததில்லை. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு கறுப்பர்கள் சுமக்க வேண்டியிருந்த பாஸ் புத்தகங்களுக்குப் போலராய்ட் கேமராவைப் பயன்படுத்தியது. 1970-இல் அந்தக் கம்பெனியின் கறுப்பினத் தொழிலாளர்களான கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும் இதை எதிர்த்து இயக்கம் கட்டினார்கள். வேலை போனது. 1977-இல் கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. சிலரைப் பார்க்க மறுக்கும் அதே கேமராதான் அவர்களைக் கண்காணிக்கவும் செய்தது. ஒன்று அலட்சியம், மற்றது அதீத அக்கறை. இரண்டுமே அதிகாரம்.

கம்ப்யூட்டர் வந்தபின் மாதிரி அட்டை, கோப்பாக மாறியது. 1993-இல் எட்டு நிறுவனங்கள் கூடிச் சர்வதேச நிறக் கூட்டமைப்பை உண்டாக்கின. சுருக்கமாக ஐ.சி.சி., கிரிக்கெட் அல்ல. அடோபி, ஆக்ஃபா, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாப்ட் எல்லாம் அந்த மேசையில். 1996-இல் எச்.பி.யும் மைக்ரோசாப்டும் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொது நிறவெளியை முன்வைத்தன. 1976 முதல் புழக்கத்தில் உள்ள 24 கட்ட நிற அட்டையில் முதல் கட்டம் 'கருந்தோல்', இரண்டாவது 'வெளிர்தோல்'. உலக மக்கள் அத்தனை பேரும் இரண்டு கட்டத்துக்குள் அடக்கம்.

4

அடுத்தவன் அனுப்பிய மாதிரிக்கு நிறத்தை ஒப்பிக்கும் வேலை பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. 1613-இல் இங்கே டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் இதுதான். கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த கிழக்குத் தீவுகளில் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத் துணிக்கு மவுசு. துணியைக் கொடுத்து வாசனைச் சரக்கை வாங்கினார்கள். அந்தந்தத் தீவுக்கு அந்தந்த நிறம், அந்தந்தக் கரை. கொஞ்சம் பிசகினால் விலை போகாது. எனவே மாதிரித் துணிகள் வரும், நெசவாளியும் சாயக்காரரும் அதற்குச் சரியாகச் செய்து கொடுக்க வேண்டும். துணி ஏறிய இதே துறையில் அடிமைகளாக மனிதர்களும் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதை மறந்துவிட்டு டச்சுக் கல்லறைகளின் சிற்ப அழகை மட்டும் பேசுவது அயோக்கியத்தனம்.

அந்தச் சிவப்பு வந்தது சாயவேரிலிருந்து. இம்பூறல் என்றும் சொல்வார்கள். கரையோர மணலில் வளரும் சின்னச் செடி. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றிப் பதப்படுத்தி, படிகாரம் பூசி, வேரோடு கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடத்தில் சிவப்பு பிடித்துக்கொள்ளும். இரும்புக் கரைசல் பட்ட இடம் கறுக்கும். எந்தத் தண்ணீர், எத்தனை நாள் வெயில், எத்தனை முறை கஞ்சி என்பதெல்லாம் சாயக்காரர் கையிலும் நாக்கிலும் இருந்த கணக்கு. 'இந்தத் துணி, இந்தச் சாயம், இந்தத் தண்ணி, இதுல இதுதான் விழும்' என்ற இந்த அறிவுக்கு இன்றைய பாஷையில் வேறென்ன பெயர்? புரொஃபைல்தான்.

அந்தக் கணக்கும் கைமாறியது. 1742-இல் யேசு சபைப் பாதிரியார் கேர்து, சாயமிடும் முறையைத் தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற தொழிலாளிகளிடம் கேட்டு, படிப்படியாகப் பிரான்சுக்கு எழுதி அனுப்பினார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்துத் தறிகளில் 'புலிகேட்' என்று ஒரு வகை வண்ணக் கைக்குட்டை நெய்தார்கள். ஊர்ப் பெயர் சரக்கின் பெயராகிக் கடல் கடந்து போய்விட்டது. 1868-இல் ஜெர்மனியில் அலிசரின் செயற்கையாகத் தயாரானது. பிறகு சாயவேருக்குச் சந்தை ஏது? நிறத்தைச் செய்தவர்கள் போய், நிறத்தை வாங்குபவர்களானோம்.

5

இத்தோடு நிறுத்திவிட்டால் எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிட்டு நாம் கை கழுவிக்கொள்ளலாம். அது முடியாது. ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் தந்தது. அந்த உள்நாட்டுப் பிலிம் நம் ஸ்டுடியோக்களில் என்ன செய்தது? முகத்துக்குப் பவுடர், நெகட்டிவ் மேல் பென்சில் டச்சப். "பொண்ணு போட்டோங்க, கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்க" என்று கேட்டவர்கள் நம் அப்பாக்கள்தான். தமிழில் 'கலர்' என்றாலே வெளுப்பு. 'செவப்பு' என்றாலும் வெளுப்பு. 'மாநிறம்' என்பது கறுப்புக்கு நாம் கொடுக்கும் சலுகை. 1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது. கல்யாண விளம்பரங்கள் பாஷையை மாற்றிக்கொண்டனவா? ஷெர்லி அட்டை கோடாக்கிலிருந்து வருவதற்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் ஒன்று இருந்தது. அதன் பெயர் சாதி.

இதெல்லாம் அழகுப் பிரச்சினை, வயிற்றுப் பிரச்சினை அல்ல என்று தோழர்கள் சிலர் சொல்லக்கூடும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, 2009-இல் மத்திய அரசு கடலோர மீனவர்களுக்கு பயோமெட்ரிக் அடையாள அட்டைத் திட்டம் கொண்டுவந்தது. கடலில் மடக்கினால் நீட்ட வேண்டிய அட்டை அது. அதில் உள்ள முகம் யாருடையது என்பது வயிற்றுப் பிரச்சினைதான். இப்போது அட்டையை மனிதன் பார்ப்பது போய் எந்திரம் முகத்தைப் பார்க்கும் காலம். மூன்று நிறுவனங்களின் முகம் பார்க்கும் மென்பொருள்களை 2018-இல் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சோதித்தார்கள். ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெளிர்தோல் ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம். கருந்தோல் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை.

சாட்சியத்தின் பிரச்சினையும் இது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மனுவோடு படம் வைக்கிறோம். இருட்டின் படிகளை விழுங்கிவிடும் பிரிண்டரில் எண்ணெய்ப் படலம் வெறும் நிழலாகிவிடும். "தண்ணி கறுப்பாத்தானே இருக்கும்" என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போகலாம்.

6

ஆகவே நமக்கான புரொஃபைலை நாமே செய்ய வேண்டியிருக்கிறது. பிரமாதமான வித்தை ஒன்றும் இல்லை. முதலில் மானிட்டரின் வெளிச்சத்தைக் குறைத்து, அளக்கும் கருவியைத் திரையில் தொங்கவிட்டு அதை நேராக்கிக்கொள்வது. பிறகு பிரிண்டர் டிரைவரில் உள்ள நிறத் திருத்தம் அனைத்தையும் அணைத்துவிட்டு, நூற்றுக்கணக்கான நிறக் கட்டங்கள் உள்ள தாளை அச்சிடுவது. மை காய ஒரு ராத்திரி விடுவது. மறுநாள் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரால் ஒவ்வொரு கட்டத்தையும் அளப்பது. மென்பொருள் அட்டவணை போட்டுக் கொடுக்கும். மையை மாற்றினாலோ தாளை மாற்றினாலோ முதலிலிருந்து. கம்பெனி இலவசமாகத் தரும் புரொஃபைல் அவர்கள் மைக்கும் அவர்கள் தாளுக்கும் மட்டும்தான். ரீஃபில் ஊற்றியவருக்கு அது உதவாது. இலவசத்துக்குள் இருக்கும் தூண்டில் அது.

கருவி விலை அதிகம்தான். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடலாம். ஆர்கில் போன்ற கட்டற்ற மென்பொருள்களில் நமக்கு வேண்டிய கட்டங்களை நாமே சேர்க்கலாம். அடர் பழுப்பின் படிகளை, சேற்றின் நிறத்தை, நம்மாட்களின் தோலைக் கூடுதலாகச் சேர்க்கலாம். கருவி கிடைக்காதவர்கள் குறைந்தபட்சம் பிரதியை டியூப்லைட்டில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில், படத்துக்குரியவர் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 'நியமப் பார்வையாளர்' இடத்தில் அந்த ஆயா உட்காரட்டும்.

ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. சுத்து வலை எந்த இடத்தில், எந்த நாளில், யார் கட்டுவது என்று குப்பத்தார் கூடி முறை வைத்துக்கொள்வது. தண்ணீருக்கும் மீனுக்கும் எழுதாத புரொஃபைல். அதைப் பெருமையாகப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு இடம் இல்லை. பாட்டுரிமை இல்லாத சாதியாருக்கும் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளருக்கும் முறை இல்லை. மேசை சிறியதாக இருந்தாலும் பெரியதாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: மாதிரியை யார் வைப்பது, யார் அதற்கு ஒப்பிப்பது?

மூன்றாவது பிரதியை ஆயாவிடம் கொடுத்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் நீட்டி, "யாருடா இது?" என்று கேட்டார். "நீதான், வேற யாரு?" என்றான். படத்தை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் செருகிவிட்டு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டார்.