நிறுத்தியதற்குக் காரணம் எங்கே? எல்லைச் சோதனையும் அரசமைப்புக் காப்பும்

கெலவரப்பள்ளியிலிருந்து ஓசூர் வந்து ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். சிப்காட்டில் வேலை, அந்தப் பக்கம் வீடு என்று தினமும் போய்வருபவருக்கு இது ஒரு சிக்னலைக் கடப்பது போலத்தான். சட்டத்தின் கண்ணுக்கு அப்படியல்ல. அந்தப் பக்கம் கடையில் காசு கொடுத்து வாங்கிய மது பாக்கெட், இந்தப் பக்கம் வந்ததும் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வழக்குப் பொருளாகிவிடலாம். குட்கா தெற்கே வருகிறது, ரேஷன் அரிசி வடக்கே போகிறது என்று போலீசாருக்கு இரு திசையிலும் சந்தேகம். மதுவிலக்கு முதலில் அமலானது 1937 அக்டோபர் 1 அன்று, ஓசூர் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில். அதைக் கொண்டுவந்த ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் ஓசூரை அடுத்த ஊர்தான். மூட்டையை அவிழ்த்துக் காட்டச் சொல்லும் அரசு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

சோதனை அத்துமீறாமல் தடுக்கும் காப்பு அதற்கு முன்பே இருக்க வேண்டிய காரணத்தில்தான் இருக்கிறது. நம் சட்டமும் நீதிமன்றங்களும் கவனத்தையெல்லாம் சோதனைக்குப் பிந்தியவற்றின்மேல் வைத்துவிட்டன: மகஜர், சாட்சிக் கையெழுத்து, இப்போது வீடியோ. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

காரணமற்ற சோதனையையும் பறிமுதலையும் தடுக்கும் அமெரிக்க அரசமைப்பின் நான்காம் திருத்தம் போன்ற ஒரு பிரிவு நம்மிடம் இல்லை. யாரும் கேட்காமல் விடுபட்டதல்ல அது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காஜி சையத் கரிமுதீன் அப்படியொரு திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கரும் அதற்கு இணக்கம் காட்டினார். குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் பாதுகாப்புதான், ஆனாலும் சட்டமன்றங்களின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது நல்லது என்பது அவர் கருத்து. கடைசியில் சபை அதை ஏற்கவில்லை. 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் இந்த இல்லாமையையே ஆதாரமாக்கினார்கள்: அரசமைப்பை வகுத்தவர்கள் வைக்காத உரிமையை நாங்கள் எப்படி இறக்குமதி செய்வது? 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் 21ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்து, எம்.பி. சர்மா தீர்ப்பின் மாறான கருத்தை நீக்கியது.

அதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டதாகப் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எம்.பி. சர்மாவின் தோளில் ஏறி நின்ற இன்னொரு தீர்ப்பு அப்படியே இருக்கிறது. வருமான வரிச் சோதனை பற்றிய பூரண் மல் வழக்கில் ஐந்து நீதிபதிகள், சோதனை சட்டவிரோதமாகவே நடந்திருந்தாலும் கிடைத்த ஆதாரம் வழக்குக்குப் பொருத்தமானதென்றால் ஏற்கலாம் என்றார்கள். அரசமைப்பில் தடை இல்லை என்பதற்கு அவர்கள் காட்டிய மேற்கோள் எம்.பி. சர்மாதான். அடிக்கல்லைப் பெயர்த்த பிறகும் மேல்தளத்தில் குடித்தனம் நடக்கிறது. கீழமை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் புட்டசாமியைச் சொன்னால், அரசுத் தரப்பு பூரண் மல்லைச் சொல்கிறது. வழக்கு மேலே நகர்கிறது.

விசாரணைக்காக ஓர் இடத்தைத் தேடும் காவல் அதிகாரி, தன் நம்பிக்கைக்கான காரணத்தை முன்னதாக எழுதிவைக்க வேண்டும் என்று பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 165ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 185ஆம் பிரிவும் அதையே சொல்லி, பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் அது ஏற்கெனவே விசாரணையிலுள்ள குற்றத்துக்கானது. சாலைச் சோதனையில் வழக்கு பிறப்பதே பொருள் கிடைத்த பிறகுதான். டூவீலரை ஓரங்கட்டச் சொன்ன நிமிடத்தில் எஃப்.ஐ.ஆர். இல்லை, கேஸ் டைரி இல்லை. காரணம் எழுத ஒரு தாளும் இல்லை. பொருள் கிடைத்தால் அதுவே காரணமாகிவிடும். கிடைக்காதவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், அவர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாது. நீதிமன்றத்துக்கு வருவதெல்லாம் பலித்த சந்தேகங்களே.

புதிய சட்டத்தின் 105ஆம் பிரிவு தேடுதலையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்கக் கட்டாயப்படுத்துகிறது. இதைப் பெரிய காப்பாகக் கொண்டாடுபவர்கள் தேர்தல் காலத்துப் பறக்கும் படையை நினைத்துப் பார்க்கலாம். அங்கே வீடியோகிராபர் பல ஆண்டுகளாக உடன் வருகிறார். தேர்தல் ஆணையத்தின் நடைமுறை விதிப்படி, 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கம் பறிமுதலுக்கு உள்ளாவது அது வேட்பாளர், முகவர், கட்சிக்காரர் செல்லும் வண்டியிலோ, பிரசாரப் பொருளோடோ இருந்தால்தான். ரோட்டில் அது எல்லோருக்குமான உச்சவரம்பாகிவிட்டது. ஓசூர் பூ வியாபாரியும், ராயக்கோட்டை தக்காளிக்கு முன்பணம் கொண்டுபோகிறவரும், சந்தையில் மாடு விற்றுத் திரும்புகிறவரும் ரசீது தேட வேண்டியிருக்கிறது. சந்தையில் கைமாறும் மாட்டுக்கு யார் பில் போடுகிறார்கள்? கேமரா அத்தனையையும் பதிவுசெய்கிறது, இவரிடம் ஏன் எடுத்தீர்கள் என்று மட்டும் அது கேட்பதில்லை.

விதிமீறிய சோதனைக்காக ஆதாரத்தைத் தள்ளக் கூடாது, தவறிய அதிகாரியைத் தண்டித்தால் போதும் என்பது எதிர்வாதம். அந்த வழி எவ்வளவு நீளம் என்பது இந்த வட்டாரத்துக்குத் தெரியும். ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகாத காலம். 1992 ஜூனில் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில், கடத்தல் சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினர், போலீசார், வருவாய்த் துறையினர் ஊருக்குள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் அறிவித்தது 2011இல். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். இத்தனை கொடிய, இத்தனை சாட்சிகள் உள்ள வழக்குக்கே 31 ஆண்டு. காரணமின்றிப் பையைக் கொட்டிய காவலர்மீது ஒரு தொழிலாளி வழக்குப் போட்டு வெல்வார் என்பதை நம்பி எழுதப்பட்ட சட்டத்தை யார் மதிப்பார்கள்?

மீறலுக்கு விளைவு வைக்க நம் நீதிமன்றங்களுக்குத் தெரியாமலில்லை. போதைப்பொருள் வழக்கில், உடலைச் சோதிக்குமுன் கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமையைச் சொல்லாவிட்டால், அந்தக் கைப்பற்றலை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் தீர்ப்பானது. தண்டனை கடுமையாக இருப்பதால் அங்கே இந்தக் கண்டிப்பு என்பார்கள். சம்பளத்துக்கு ஓடும் டூவீலர் பறிபோவது அதன் சொந்தக்காரருக்குச் சின்னத் தண்டனையா என்ன?

அமெரிக்காவைப் போல் ஆதாரத்தைத் தள்ளுவதையே பொதுவிதியாக்க வேண்டியதில்லை. கனடாவில் மீறலின் தீவிரம், அது உரிமையைத் தாக்கிய அளவு, வழக்கை அதன் தகுதியின்படி தீர்ப்பதில் சமூகத்துக்குள்ள அக்கறை மூன்றையும் எடைபோட்டு நீதிபதி முடிவு செய்கிறார். அமெரிக்காவிடம் கற்க வேறொன்று உண்டு. 1979இல் டெலவேர் எதிர் பிரவுஸ் வழக்கில், சந்தேகமின்றி ஒரு வண்டியை மட்டும் இஷ்டப்படி பொறுக்கி நிறுத்தி ஆவணம் பார்ப்பது தவறென்ற நீதிமன்றம், எல்லா வண்டிகளையும் ஒரே முறையில் நிறுத்தும் ஏற்பாட்டுக்கு இடம் விட்டது. தேர்வு காவலரின் கண்ணுக்கு விடப்படுகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. ஜூஜூவாடிக்கு இது அப்படியே பொருந்தும்: ஒன்று, எல்லோரையும் நிறுத்தும் எழுத்து உத்தரவு, அல்லது இந்த வண்டியை நிறுத்தியதற்கு ஒரு வரிக் காரணம்.

அந்த ஒரு வரியைக் கேட்கப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 106ஆம் பிரிவு. வீடியோவைத் தாமதமின்றி அனுப்ப வேண்டும் என்பது 105. இரண்டும் ஓசூர் நீதிமன்ற மேசைக்கு வரும்போது, பொருள் கண்ணில் படுவதற்கு முன் அதிகாரிக்கு என்ன தெரிந்திருந்தது, அது எத்தனை மணிக்கு எங்கே எழுதப்பட்டது என்று நீதிபதி கேட்கலாம். எழுதிய நேரத்தை வீடியோவின் நேரத்தோடு ஒப்பிட்டால், காரணம் முன்னால் பிறந்ததா பின்னால் பிறந்ததா என்பது தெரிந்துவிடும். பதில் இல்லாத வழக்கில் புட்டசாமி தீர்ப்பை முன்வைத்துப் பூரண் மல்லை மறுபரிசீலனைக்கு அனுப்பும் கேள்வியை எழுப்ப வேண்டியது வழக்கறிஞர்களின் வேலை.