இராஜாஜியின் மொழிக் கொள்கை: ஒரு மாற்றத்தின் வரலாறு

1938ஆம் ஆண்டு ஏப்ரலில், சென்னை மாகாணத்தின் பிரதம அமைச்சராக இருந்த இராஜாஜி, 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கி ஆணையிட்டார். இருபது ஆண்டுகள் கழிந்தபின், இந்தி மட்டுமே இந்தியாவின் ஆட்சிமொழியாவதை எதிர்த்தோரின் முன்னணியில் அவரே நின்றார். இதனைச் சந்தர்ப்பவாதம் என்பர் சிலர். பட்டறிவின் பயன் என்பர் வேறு சிலர். மொழிக் கல்வியில் ஈடுபட்டுள்ள நாம் இதனைச் சற்று நிதானமாக ஆராய்தல் நன்று.

இராஜாஜி தமிழுக்கு அயலானவர் அல்லர். 1916இல் சேலத்தில் தமிழ் அறிவியற் கலைச்சொற்களை உருவாக்க முனைந்த குழுவில் அவர் முதன்மையானவர்; தமிழில் வேதியியலை எளிமையாக எழுதிக் காட்டியவர். ஆகவே 1938ஆம் ஆண்டு ஆணை தமிழ் வெறுப்பில் பிறந்ததன்று. விடுதலை பெறும் நாட்டுக்கு ஒரு பொதுமொழி வேண்டும் என்ற காங்கிரசுக் கொள்கையின் செயல்வடிவம் அது. ஆயினும் மக்களின் இசைவைப் பெறாமல் அது நடைமுறைக்கு வந்தது. மறியல் செய்தோர் பல நூற்றுவர் சிறை சென்றனர். நடராசன், தாளமுத்து ஆகிய இருவர் 1939இல் சிறைக்காவலில் இருந்தபோது உயிர் நீத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் போர்ப் பிரச்சினையை முன்னிட்டு அமைச்சரவை விலகியது. 1940 பிப்ரவரியில் ஆளுநர் கட்டாய இந்தியை நீக்கினார்.

1952இல் மீண்டும் முதலமைச்சரான இராஜாஜி, மறு ஆண்டில் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பாதி நாள் பள்ளி, மீதி நாள் பெற்றோரின் தொழில் என்பது அதன் சாரம். இருக்கும் பள்ளிகளைக் கொண்டே மிகுதியான பிள்ளைகளுக்குக் கல்வி தரலாம் என்பது அரசின் வாதம். அது சாதித் தொழிலை நிலைநிறுத்தும் ‘குலக்கல்வி’ என்று எதிர்த்தோர் கூறினர். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

அதன்பின் இராஜாஜியின் பார்வை மைய அரசின் அதிகாரத்தின் மேல் திரும்பியது. 1965 சனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழி என அரசியலமைப்பு வகுத்திருந்த நிலையில், ஆங்கிலமும் தொடர வேண்டும் என்று அவர் வாதிட்டார். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்து, அரசின் பொருளாதாரக் கட்டுப்பாடுகளை ‘லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்’ எனச் சாடினார். 1967இல் அக்கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது. சென்னை மாநிலத்தில் அது தி.மு.க.வுடன் கூட்டணி கண்டது. முன்னர் அவரைக் கடுமையாக எதிர்த்த இயக்கத்தின் வழிவந்த அண்ணா முதலமைச்சரானார்.

இந்த இரு எதிர்ப்புகளுக்கும் வேர் ஒன்றே: மக்களுக்கு எது நன்மை என்பதை மையத்தில் அமர்ந்திருப்போர் முடிவு செய்து திணித்தல் தகாது என்னும் கருத்து. பழைமைவாதத்தின் வலுவான வாதம் இது. ஏற்கெனவே நிலைபெற்றிருந்த ஆங்கிலத்தைக் காக்க அவர் முனைந்ததும் அம்மனப்பாங்குக்கு ஒத்ததே. தமிழின் தனியுரிமையை முன்வைத்த திராவிட இயக்கத்தின் வாதம் இதனின் வேறானது. இருவரும் ஓரணியில் நின்றனர், காரணங்கள் ஒன்றல்ல. மாணவர்கள் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

குறை எங்கே உள்ளது? பிறர் அதிகாரத்தில் இருந்தபோது அவர் தெளிவாகக் கண்ட இந்த உண்மை, 1938இலும் 1953இலும் அதிகாரம் தம் கையில் இருந்தபோது அவரை வழிநடத்தவில்லை. இரு முறையும் அவர் நோக்கத்தை விளக்கினாரேயன்றி, அதனால் பாதிக்கப்படுவோரின் இசைவை முதலில் நாடவில்லை. பாடத்திட்டம் வகுப்போரும் வகுப்பறையில் ஆணையிடுவோரும் தம்மிடமும் இக்குறை உண்டா என எண்ணிப் பார்க்க வேண்டும்.