தெளிந்த நீரும் நல்ல நீரும்

நெல்லித்தோப்பு என்ற பெயருக்குள் மரம் இருக்கிறது. அந்த மரத்தையொட்டி நீரைப் பற்றிய ஒரு நினைவும் இருக்கிறது. புதிதாகக் கிணறு வெட்டினால் அதன் அடியில் நெல்லிக்கட்டையை இடுவது தமிழ் நிலத்தின் பழைய வழக்கம். உவர்ப்புக் குறையும், நீர் சுவைபடும் என்பது நம்பிக்கை. தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளியவைப்பது இன்னொரு வழக்கம். அது கலித்தொகைக் காலத்திலேயே உவமையாகும் அளவுக்குப் பழகிப்போயிருந்தது. கலங்கிய மனம் தெளிவதைச் சொல்ல அந்த நூல் இந்த விதையைத்தான் துணைக்கு அழைக்கிறது. தேறுதல், தேற்றுதல், தெளிதல் என்று நம் மொழியில் மனத்துக்கும் தண்ணீருக்கும் ஒரே சொற்கள் புழங்குவது தற்செயலாக இருக்க முடியாது.

இன்று நெல்லித்தோப்பில் வீட்டின் முன்னறையில் மூன்றடி நன்னீர் மீன்தொட்டி வைத்திருக்கும் ஒருவர், கேனிஸ்டர் வடிகட்டி வாங்கக் கடைக்குப் போனால் முதலில் கேட்பது பெரும்பாலும் அந்தப் பழைய கேள்வியைத்தான்: தண்ணீர் தெளிவாக இருக்குமா? நம் மரபில் நல்ல நீரின் முதல் அடையாளம் தெளிவு. ஆனால் பளிங்கு போன்ற நீரில் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்து, மறுநாள் காலையில் ஒவ்வொன்றாகச் செத்து மிதப்பது மீன் வளர்ப்போர் பலரும் அறிந்த துயரம். தெளிவுக்கும் நலத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை மனிதர்கள் எப்படிக் கண்டுகொண்டார்கள் என்பதே அந்த வடிகட்டியின் வரலாறு. அதில் புதுச்சேரிக்கும் சிறு பங்கு உண்டு.

அந்தப் பங்கு ஒரு மீனிலிருந்து தொடங்குகிறது. நெப்போலியனின் போர்கள் முடிந்து புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின், 1816-இல் இங்கே அனுப்பப்பட்டவர் லெஷனோ என்ற இயற்கையியலாளர். அவரும் அவருக்குப் பின் வந்தோரும் இந்தக் கரையின் செடிகளையும் உயிரினங்களையும் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியபடி இருந்தார்கள். அங்கே ஜார்ஜ் கூவியேயும் அவருடைய மாணவர் வலான்சியென்னும் உலகத்து மீன்களையெல்லாம் விவரிக்கும் பெருநூலொன்றை எழுதிக்கொண்டிருந்தனர். 1828 முதல் 1849 வரை இருபத்திரண்டு தொகுதிகளாக வந்த நூல் அது. 1831-இல் வெளியான தொகுதியில், ஒரு விரல் நீளம்கூட இல்லாத, வால் நுனி கூர்மையான ஒரு மீன் இடம்பெற்றது. அது கிடைத்த இடங்களுள் ஒன்று அரியாங்குப்பத்து ஆறு. பிரெஞ்சு உச்சரிப்பில் ‘அரியான் கூப்பாங்’ ஆகிவிட்ட அந்த ஊர்ப்பெயரிலிருந்தே கூவியே மீனுக்குக் ‘குபானஸ்’ என்று பெயரிட்டார். இன்று அறிவியல் அதைச் சூடோஸ்ப்ரொமெனஸ் குபானஸ் என்கிறது. முதற்பெயர் மாறிவிட்டது, இரண்டாம் பெயரில் நம்முடைய ‘குப்பம்’ லத்தீன் உடுத்தி இன்னும் நிற்கிறது. அரிக்கமேட்டால் ரோமானிய வணிகத்தின் வரலாற்றில் இடம்பெற்ற ஆறு, இந்தச் சிறுமீனால் விலங்கியலிலும் இடம்பெற்றிருக்கிறது.

பாரிசில் கூவியே கண்டவை உயிரற்ற மாதிரிகள். மீனை வீட்டுக்குள் உயிரோடு வைத்திருக்கும் கலை அடுத்த தலைமுறையில்தான் உருவானது. 1850-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் இட்டு நடத்திய சோதனையை வெளியிட்டார். செடி தரும் உயிர்வளியை மீன் சுவாசிக்கும், மீனின் கழிவு செடிக்கு உணவாகும் என்பது கருத்து. ஆனால் அழுகிய இலைகளால் நீர் கலங்கியது. அவற்றைத் தின்ன நத்தைகளை விட்டபின் தொட்டி நிலைபெற்றது. 1853-இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன்காட்சிசாலை திறக்கப்பட்டது. அந்த மோகம் நம் பக்கம் வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று. சென்னைக் கடற்கரையில் மீன்காட்சிசாலை எழுந்தது 1909-இல்.

பிரான்சில் இந்தக் கலையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் பியேர் கார்போனியே. 1869-இல் சீனாவிலிருந்து பாரிசுக்கு வந்த சொர்க்கமீன்களை அவர் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைத்தார். அக்காலத்துத் தொட்டியில் இன்றுள்ளது போன்ற வடிகட்டி கிடையாது. பிறகு எப்படிப் பிழைத்தன? சொர்க்கமீனுக்குச் செவுளின் மேலே மடிப்பு மடிப்பான ஒரு துணை உறுப்பு உண்டு. அது நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாக விழுங்கிச் சுவாசிக்கும். ஆக, தொடக்ககால வீட்டுத்தொட்டியின் வெற்றியில் வளர்த்தவர் திறமையோடு மீனின் உடலமைப்புக்கும் பங்குண்டு. நம் அரியாங்குப்பத்து மீன் இந்தச் சொர்க்கமீனின் நெருங்கிய உறவு. வயல்வாய்க்கால், குட்டை, ஆற்றோரச் சேறு என்று உயிர்வளி குறைந்த நீரிலும் அது வாழ்வது அதே உறுப்பின் துணையால்.

தண்ணீரின் நலத்தைக் கண்ணால் அறிய முடியாது என்பதை நிறுவிய சோதனையும் பிரான்சில்தான் நடந்தது. மீனுக்காக நடந்ததன்று, சாக்கடைக்காக. 1877-இல் ஷ்லோசிங், ம்யூன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே கழிவுநீரை மெல்லச் சொட்டவிட்டார்கள். முதல் இருபது நாள் அம்மோனியா மாற்றமின்றி அப்படியே வெளியே வந்தது. அதன்பின் அம்மோனியா குறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. மணல் சலிப்பதால் மட்டுமே நிகழ்வதாயின் முதல் நாளே நிகழ்ந்திருக்க வேண்டும். உயிர்களை முடக்கும் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுபோயிற்று. மணலில் குடியேறிய நுண்ணுயிர்களே அந்த வேலையைச் செய்கின்றன என்பது தெளிவாயிற்று. 1890-இல் வினோகிராட்ஸ்கி அவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

மீன் செவுள் வழியாக வெளிவிடுவது பெரும்பாலும் அம்மோனியா. அதற்கு நிறமில்லை, நீரைக் கலக்குவதுமில்லை. தேற்றாங்கொட்டையோ, வெறும் பஞ்சோ அதைப் பிடிக்காது. நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வடிகட்டி என்ற பெயர் நம்மை ஏமாற்றுகிறது. அது சல்லடை என்பதைவிட, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வீடு என்பதே சரி.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வீட்டுத்தொட்டிகளில் இருந்தவை, மூலையில் வைக்கும் சிறு பெட்டிகளும் சரளைக்கடியில் பரப்பும் தட்டுகளுமே. காற்றுக்குமிழி மேலெழும்போது நீரையும் இழுத்துச் செல்லும். 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் குந்தர் ஏஹைம் வடிகட்டியைத் தொட்டிக்கு வெளியே, மூடிய உருளையாக அமைத்துக் கொண்டுவந்தார். தொட்டி நீர் குழாய் வழியே கீழே வைத்த உருளைக்குள் இறங்குகிறது. அங்கே அடுக்கிய பொருட்களினூடே கசிந்து செல்கிறது. சிறு மோட்டார் அதை மீண்டும் மேலேற்றுகிறது. தொட்டிக்குள் இடம் அடையாமலே நுண்ணுயிர்களுக்குப் பெரிய வீடு கிடைத்தது என்பதுதான் இந்த அமைப்பின் பெருமை.

அந்த வீட்டில் குடியிருப்போர் யார் என்பது அண்மைக் காலம்வரை சரியாகத் தெரியவில்லை. பாடநூல்கள் வழிவழியாகச் சொல்லிவந்த நைட்ரோபாக்டர் அங்கே முக்கியமில்லை, நைட்ரோஸ்பைராவே பணி செய்கிறது என்று 1998-இல் காட்டினார்கள். நன்னீர்த் தொட்டி வடிகட்டிகள் பலவற்றில் அம்மோனியாவைக் கையாள்பவை பாக்டீரியாக்களே அல்ல, ஆர்க்கியா என்ற தொன்மையான வேறொரு குலம் என்பது 2011-இல் தெரியவந்தது. அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழுவேலையையும் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் 2015-இல் அறிவிக்கப்பட்டன; அவற்றுள் சில கிடைத்தது மீன்வளர்ப்பு நீரைச் சுத்திகரிக்கும் ஒரு வடிகட்டியில்தான்.

இந்த வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் கேள்விகள் மாறிவிடுகின்றன. அட்டைப்பெட்டியில் ‘மணிக்கு 1000 லிட்டர்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது உருளை காலியாக, ஏற்ற உயரம் இன்றி அளந்த எண். நிரப்புப் பொருளும் குழாயின் உயரமும் நாட்பட்ட அழுக்கும் சேர்ந்தால் பாதியளவே மிஞ்சுவதும் உண்டு. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 190 லிட்டர். மணலும் கல்லும் போக 160 லிட்டர் நீர் நிற்கும். மணிக்கு மூன்று நான்கு முறை அந்த நீர் சுற்றிவந்தால் பெரும்பாலான மீன்களுக்குப் போதும். அந்த எண்ணைவிட முக்கியமானது உருளைக்குள் எத்தனை லிட்டர் நிரப்புப் பொருள் அடங்கும் என்பது. ஒரே விலையில் வேகமான சிறு உருளையும் நிதானமான பெரிய உருளையும் இருந்தால் பெரியதை எடுப்பது நல்லது. முதலில் முரட்டு ஸ்பாஞ்சு, அடுத்து செராமிக் வளையங்கள், கடைசியில் மெல்லிய பஞ்சு என்று நீர் செல்லும் வரிசையில் அடுக்கினால் அழுக்கு முன்னாலேயே நிற்கும், நுண்ணுயிர்களின் இடம் அடைபடாது. கரி எப்போதும் தேவையில்லை. மருந்தையோ நிறத்தையோ அகற்ற வேண்டிய நாட்களில் இட்டால் போதும்.

இடத்துக்கேற்ற கவனமும் வேண்டும். புதுச்சேரி நகரம் நெடுங்காலமாக நிலத்தடி நீரை நம்பியது. பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம், முத்தரையர்பாளையத்து ஊற்றிலிருந்து நகருக்குத் தண்ணீர் வந்ததன் நினைவுச்சின்னம். இக்கரையின் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, காரத்தன்மை உடையது. அம்மோனியாவில் நச்சு வடிவம், பி.எச். அளவு 7 ஆக இருக்கும்போது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அது 8 ஆனால் ஐந்து பங்கைத் தாண்டும். வெப்பம் ஏற ஏற அது மேலும் கூடும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் 9 மில்லிகிராம் அளவு கரையும் உயிர்வளி, 30 பாகையில் ஏழரையாகக் குறைகிறது. மென்மையான, குளிர்ந்த நீருக்கென எழுதிய மேலைநாட்டுக் கையேடு தரும் மீன் எண்ணிக்கையை நம் சித்திரை மாதத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூடிய உருளையின் பலவீனம் மின்வெட்டு. நுண்ணுயிர்களுக்கும் மூச்சு வேண்டும். அம்மோனியாவில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜனை மாற்ற நாலரை கிராமுக்கு மேல் உயிர்வளி செலவாகும். ஓட்டம் நின்றால் உருளைக்குள் இருப்பது தீர்ந்து நீர் அழுகத் தொடங்கும். பல மணி நேரம் கழித்து மின்சாரம் வரும்போது அந்த நாறிய நீரே தொட்டிக்குள் பாயும். மோட்டார் குடிப்பது பதினைந்து இருபது வாட் அளவுதான், ஆகவே வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துவிடலாம். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், நீண்ட மின்வெட்டுக்குப் பின் உருளையைத் திறந்து நீரைக் கொட்டிவிட்டு ஓடவிட வேண்டும். கழுவும்போதும் தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுவதே முறை. குளோரின் கலந்த குழாய்நீரில் பளிச்சென்று கழுவுவது, ஷ்லோசிங் குளோரோஃபார்மால் செய்ததை நாம் அறியாமலே செய்வது. புதிய வடிகட்டியைப் பொருத்திய மறுநாளே தொட்டியை மீனால் நிரப்புவதும் பிழை. அந்த முதல் இருபது நாட்களின் காத்திருப்பு இன்றும் வேண்டும். சிலசமயம் அதற்கு மேலும் ஆகும். இவ்வளவுக்குப் பிறகும் நைட்ரேட் தேங்கிக்கொண்டே வரும். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றும் வேலையிலிருந்து எந்தக் கருவியும் நம்மை விடுவிக்காது.

எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: எந்த மீனுக்காக? கெண்டை இனத்து மீன்கள் ஓட்டத்தை விரும்பும். குபானஸ் அப்படியில்லை. மிதக்கும் இலைக்கடியில் உமிழ்நீர்க் குமிழிகளால் கூடு கட்டி, ஆண்மீன் காவல் நிற்கும் இனம் அது. வேகமான கேனிஸ்டரின் வெளிக்குழாயை நேரே விட்டால் அந்தக் கூடு ஒரு நிமிடம் தாங்காது. ஒரு ஜோடிக்கு மெல்லக் குமிழிடும் ஸ்பாஞ்சு வடிகட்டியே போதும். பெரிய தொட்டியில் கேனிஸ்டர் வேண்டுமென்றால், துளையிட்ட குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஓட்டத்தை உடைக்க வேண்டும். விலை உயர்ந்த கருவியை மறுப்பதே சரியான தேர்வாக இருக்கும் இடங்களும் உண்டு என்பதை இந்த விரல்நீள மீன் சொல்கிறது.

ஆற்றங்கரையின் மணலும் கோரையும் சேறும் செய்துவந்த வேலையைத்தான் அந்த உருளைக்குள் ஒரு பிடி செராமிக் வளையங்கள் செய்கின்றன. அளவுக்கு மேல் கழிவு சேர்ந்தால் இரண்டும் தோற்கும். வீட்டுத்தொட்டிக்கு நாம் மீனை எண்ணி விடுகிறோம், இரையை அளந்து போடுகிறோம், நீரைச் சோதிக்கிறோம். நகரத்தின் கழிவு போய்ச் சேரும் அரியாங்குப்பத்து ஆற்றுக்கு அப்படிக் கணக்குப் பார்க்கும் வழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை. மேல்நாட்டு மீன் வளர்ப்போரின் தொட்டிகளில் அந்த ஆற்றின் பெயர் தாங்கிய மீன் கூடு கட்டுகிறது. பெயர் கொடுத்த ஆற்றிலும் அது கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.