பார்க்கர் பேனாவில் பறந்த மணிகள்

சித்தூர்ப் பக்கத்தில் ஒருவன் பேச்சில் சந்தேகம் வந்தால் நீட்டி முழக்க மாட்டார்கள். "காணிப்பாக்கம் வர்றியா?" என்று கேட்பார்கள். கோயில் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு வரசித்தி விநாயகர் முன்னால் நின்று, "நான் எடுக்கவில்லை" என்று சொல்ல வேண்டும். கைமாற்றுக் கடன், வரப்புத் தகராறு, காணாமல் போன ஆடு என்று எத்தனையோ வழக்குகள் கோர்ட்டு வாசலை மிதிக்காமலே இந்தக் குளக்கரையில் முடிந்திருக்கின்றன. சத்தியம் செய்தவர்களைவிட, இங்கே வர பஸ் ஏறும் முன்பே ஒப்புக்கொண்டவர்கள்தான் அதிகம் என்பார் என் தாத்தா. ஆந்திர அரசியல்வாதிகள் இன்றும் ஒருவரையொருவர் இங்கே சத்தியம் செய்யக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் கூப்பிடுவதோடு சரி.

குலோத்துங்க சோழன் எழுப்பியது, 1336-இல் விஜயநகர அரசர்கள் பெரிதாக்கியது என்று கோயில் வரலாறு சொல்கிறது. பக்கத்தில் ஓடும் பாகுதா நதிக்கும் ஒரு கதை உண்டு. சங்கன், லிகிதன் என்று அண்ணன் தம்பி. பசி பொறுக்காத தம்பி யாரோ ஒருவர் தோப்பில் மாம்பழம் பறித்துவிட்டான். விஷயம் அரசனிடம் போனது. இரண்டு கையும் போயின. பிறகு இந்த ஆற்றில் முழுகியதும் கைகள் முளைத்தனவாம். ஒரு மாம்பழத்துக்கு இரண்டு கை! கணக்கில் அவ்வளவு கறார் எங்கள் ஊர்.

விமானக் கம்பெனி நேர்காணலுக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சென்னையில் நேவிகேஷனும் வானிலையும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் நான். புதுக் காருக்குப் பூஜை போட வருகிறவர்கள் மாதிரி, இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் லாக் புக்கைக் கொண்டுவந்து விநாயகர் சந்நிதியில் வைத்து எடுத்துப் போகிறார்கள். பறந்த ஒவ்வொரு நிமிஷத்தையும் தேதி, விமானப் பதிவெண், ஆசிரியர் பெயரோடு எழுதிவைக்கிற புத்தகம் அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். உள்ளே இருக்கிற கணக்கையும் சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தானா?

பைலட் வேலைக்கு ஆள் எடுத்த கதை தொண்ணூறு வருஷத்துக்கு மேலே போகிறது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா தபால் மூட்டையோடு கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட், பிரிட்டிஷ் விமானப்படையிலிருந்து வந்தவர். முதலாளியே பைலட், கூட்டாளியே இன்னொரு பைலட். நாட்டில் உரிமம் வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர். யார் எப்படி ஓட்டுவார் என்று எல்லோருக்கும் தெரியும். எழுதியதைப் பார்க்க அவசியமே இருக்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் நிலைமை தலைகீழ். ராணுவம் கழித்துக்கட்டிய டகோட்டா விமானங்களை வாங்கி ஆளாளுக்கு ஏர்லைன்ஸ் தொடங்கினார்கள். கையில் உரிமத்தோடு பிரேம் மாத்தூர் என்ற பெண் எட்டு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டார். எட்டும் கைவிரித்தன. ஒன்பதாவதாக ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் எடுத்துக்கொண்டது. 1949-இல் தேசிய விமானப் பந்தயத்தில் ஜெயித்தவரும் அவர்தான். அந்த எட்டு கம்பெனிகளும் லாக் புக்கைத் திறந்து பார்த்திருந்தால் மணிக்கணக்கு தெரிந்திருக்கும். புடவைக்கு மேலே அவர்கள் பார்வை போகவில்லை என்பது என் அபிப்பிராயம்.

1953-இல் அரசு எல்லாவற்றையும் கையகப்படுத்தியது. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா என்று இரண்டே வாசல். 1994-இல் அந்தச் சட்டம் விலகும்வரை உரிமம் வாங்கிய பையன்கள் அந்த வாசல்களில் நின்றார்கள். நின்றவர்களில் நானும் ஒருவன். ஒரு நேர்காணலில் இடிமேகத்துக்குள் காற்று எப்படிப் புரளும் என்று கேட்டார்கள், வரைந்தே காட்டினேன். அடுத்த கேள்வி, "அப்பா என்ன செய்கிறார்?" கரும்பு போடுகிறார் என்றேன். மூன்றாவது கேள்வி இல்லை. அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை.

விமான விபத்துகள்தான் இந்தக் கேள்விகளை மாற்றின. 1977 மார்ச் 27-இல் டெனெரீஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போக்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதை காலியாக இல்லையோ என்று ஃபிளைட் என்ஜினியருக்குச் சந்தேகம், கேட்டும் பார்த்தார். மூத்த கேப்டன் வேகமெடுத்துவிட்டார். 1979-இல் நாசா கூட்டிய ஒரு கருத்தரங்குக்குப் பிறகு, காக்பிட்டில் சின்னவன் பெரியவனைத் தடுத்துப் பேசுவதையும் ஒரு பாடமாகவே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள்.

நம் ஊரில் இந்தப் பாடம் உறைத்தது 2010 மே 22 அன்று, மங்களூரில். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மலைமேட்டு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் போனார்கள். கேப்டன் வழியில் வெகுநேரம் தூங்கியிருக்கிறார். குரல் பதிவில் குறட்டை கேட்டது. இறங்கும்போது துணை பைலட் மூன்று முறை "கோ அரவுண்ட்" என்றார், அதாவது இறங்காமல் திரும்ப மேலே ஏறு என்று. கேப்டன் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்த நேர்காணலுக்குப் போனாலும் பையனிடம் இதைக் கேட்கிறார்கள்: "கேப்டன் கேட்காவிட்டால் நீ என்ன செய்வாய்?" பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்த்த நம் வீட்டுப் பிள்ளைகள் இங்கேதான் திணறுகிறார்கள். "மரியாதையா எடுத்துச் சொல்லுவேன் சார்" என்பான். இரண்டு தடவை சொல்லியும் கேட்காவிட்டால் கண்ட்ரோலை நீ வாங்கணும்டா தம்பி, அங்கே மரியாதைக்கு நேரம் கிடையாது என்று மண்டையில் ஏற்றுவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும்.

இன்னொரு நோய் அதே காலத்தில் வெளிப்பட்டது. 2003-இல் ஏர் டெக்கான் மலிவு டிக்கெட்டோடு வந்தது. வரிசையாகக் கம்பெனிகள் முளைத்தன. பைலட் பஞ்சம் வந்தது. வணிக பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் குறைந்தது 100 மணி தானே விமானத்துக்குப் பொறுப்பாளனாக. ஒவ்வொரு மணிக்கும் ஆயிரக்கணக்கில் காசு. சிலர் வானத்துக்குப் போகாமல் மேஜையில் உட்கார்ந்தே பறந்தார்கள். விமானிகள் வட்டாரத்தில் இதற்கு 'பி-51 மணி' என்று பெயர். யுத்தகால மஸ்டாங் போர்விமானம் பி-51 என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது பார்க்கர் 51 பேனா. இங்கே சுருக்கமாக 'பார்க்கர் பேனா' என்பார்கள்.

2011-இல் கோவாவில் ஒரு விமானம் முன்சக்கரத்தில் மோதி இறங்கியதை விசாரிக்கப்போய், அதை ஓட்டியவரின் மதிப்பெண் சான்றிதழே போலி என்று தெரிந்தது. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ தோண்டத் தொடங்கியது. போலி மார்க் ஷீட்டுகள் இன்னும் சில கிடைத்தன, பறக்காத மணிகளுக்குச் சான்று கொடுத்த பயிற்சிப் பள்ளி சிக்கியது, கைதுகள் நடந்தன. இவர்கள் எல்லோரும் நேர்காணலில் தேறி வந்தவர்கள்தானே? கழுத்தில் டை, வாயில் நல்ல இங்கிலீஷ். காணிப்பாக்கத்தில் சத்தியம் கேட்பது சாட்சி இல்லாத விவகாரத்துக்கு. தனியாகப் பறக்கிற மாணவனுக்கும் பக்கத்தில் சாட்சி இல்லை. ஆனாலும் விமானத்தின் சொந்தப் பதிவேடு, எரிபொருள் கணக்கு, கிளப்பின் புறப்பாட்டுப் புத்தகம் என்று மூன்றையும் அடுக்கினால் பொய் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். அப்போது யாரும் அடுக்கிப் பார்க்கவில்லை. இப்போது டிஜிசிஏவின் இணையத் தளத்தில் மின்னணு லாக் புக் வந்துவிட்டது. நல்லது.

இன்றைக்குத் தேர்வு கட்டம் கட்டமாக நடக்கிறது. கம்ப்யூட்டரில் ஜாய்ஸ்டிக், கூடவே காதில் எண்கள், குழு விவாதம், மனநிலைக் கேள்விகள், தொழில்நுட்ப நேர்காணல், சிமுலேட்டர். மனக்கணக்கும் கேட்பார்கள். 35,000 அடியிலிருந்து எப்போது இறங்கத் தொடங்குவாய்? ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல், ஆகவே 105 கடல் மைல் முன்னால். தரைவேகம் 140 நாட் என்றால் மூன்று டிகிரிச் சரிவுக்கு நிமிஷத்துக்கு எத்தனை அடி? ஐந்தால் பெருக்கு, 700. இதெல்லாம் கொஞ்ச நாள் உட்கார்ந்தால் வந்துவிடும்.

போகிற பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்று. முந்தின நாள் ராத்திரி லாக் புக்கை எடுத்துப் பக்கத்துக்குப் பக்கம் நீங்களே கூட்டிப் பாருங்கள். தப்பு இருந்தால் ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள். ஆசிரியர் கையெழுத்து எங்காவது விட்டுப் போயிருந்தால், அதை வாங்கிக்கொண்டு நேர்காணலுக்குப் போங்கள்.