இருட்டறை முதல் இல்லத்து அச்சு வரை

'கேமரா' எனும் இலத்தீன் சொல்லுக்கு அறை என்று பொருள். இருண்ட அறைக்குள் சிறு துளை வழியே நுழையும் ஒளியின் இயல்பை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆராய்ந்து எழுதியவர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைஸம். அவ்வொளியை நிலையாகப் பதிக்கும் முறை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அது முதல் இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை நிழற்படங்கள் இருட்டிலேயே உருப்பெற்றன.

ஃபிலிமில் பூசப்பட்ட வெள்ளி உப்பின் மீது ஒளி பட்ட இடங்கள், டெவலப்பர் கரைசலில் கருமையான வெள்ளித் துகள்களாக மாறும். எஞ்சிய உப்பை ஃபிக்ஸர் கரைத்து நீக்கும். பின்னர் சிவப்பு விளக்கின் மங்கிய ஒளியில், தட்டில் மிதக்கும் தாளின் மேல் முகம் மெல்லத் தோன்றும். இதற்கான ஃபிலிமையும் தாளையும் நம் உதகமண்டலத்திலேயே, 'இந்து' என்ற பெயரில், ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1967 முதல் தயாரித்தது.

ஒரு ரோலில் 36 படங்களே எடுக்கலாம். கழுவவும் பிரிண்ட் போடவும் செலவாகும். ஆகவே ஒவ்வொரு படமும் எண்ணி எடுக்கப்பட்டது. சுவரில் படம் மாட்டாத நம் இல்லங்களிலும், ஹஜ் பாஸ்போர்ட்டுக்காக எடுத்த பாட்டனாரின் படம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. சஃபர் சென்ற தந்தையர் பலர், தாம் இன்னும் தூக்கிப் பார்த்திராத குழந்தையின் முகத்தைக் கடித உறையில் வந்த படத்தில்தான் முதலில் கண்டனர்.

மாற்றத்தின் வித்து 1975-இல் விழுந்தது. கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா, பத்தாயிரம் புள்ளிகள் மட்டுமே கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிக்க 23 வினாடிகள் எடுத்துக்கொண்டது. 1990-களில் மைதெளிக்கும் பிரிண்டர்கள் வீடுகளுக்குள் வந்தன. இருட்டறையில் செய்த வேலையைக் கணினி மேசையிலேயே செய்ய முடிந்தது. ஃபிலிம் விற்று வளர்ந்த அதே கோடாக், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது.

எடுப்பது எளிதாயிற்று, காப்பதோ கடினமாயிற்று. நன்கு கழுவிய கறுப்பு வெள்ளைப் படம் நூறாண்டு தாங்கும். ஆனால் சாய மையில் அச்சிட்ட படம் வெயில் படும் இடத்தில் சில ஆண்டுகளிலேயே வெளிறிவிடும். ஹார்ட் டிஸ்க் பழுதானாலோ ஆயிரம் படங்கள் ஒரே நொடியில் மறையும்.

எனவே, பழைய நெகடிவ்களைக் குப்பையில் எறியாதீர்கள்; ஸ்கேன் செய்த பின்னும் ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஆண்டுக்கு இருபது படங்களையேனும் தேர்ந்து, நிறமி மையில் அச்சிட்டு, பின்புறம் பெயரும் ஆண்டும் பென்சிலால் எழுதுங்கள். மற்றவற்றை இரண்டு இடங்களிலாவது சேமியுங்கள். நம் மூத்தோரின் முகங்கள், பின்வரும் தலைமுறைக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?