டிரம்முக்குள்ள என்ன இருந்துச்சு? வெளிச்சம் சொல்லும் பதில்



ஒரு நைட் டூட்டி. கடலூர் - சிதம்பரம் ரோட்டில் இருக்கும் சிப்காட் பக்கத்திலிருந்து ஒரு தொழிலாளியைத் தூக்கிட்டு வந்தாங்க. கண் எரிச்சல், மூச்சுத்திணறல்.

"என்ன கெமிக்கல்ப்பா?" என்று கேட்டேன்.

"டிரம்ல இருந்துச்சு சார். பார்க்க தண்ணி மாதிரி இருக்கும்."

கண்ணைக் கழுவி, ஆக்சிஜன் வைத்து, ரெண்டு நாளில் நல்லபடியா வீட்டுக்குப் போயிட்டார். ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. ஆல்கஹாலும் தண்ணி மாதிரிதான் இருக்கும், பென்சீனும் அப்படித்தான், ஹைட்ரோபுளோரிக் அமிலமும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேற.

கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் திரவங்களை, வெளிச்சத்தை வைத்தே பிரித்துச் சொல்ல முடியும். அந்த வழியைத் திறந்துவிட்டவங்க இரண்டு தமிழர்கள்!

கதை கடலில் ஆரம்பிக்குது.

1921. இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பி வர்றார் சி.வி. ராமன், திருவானைக்காவலில் பிறந்தவர். வானத்தின் நிறம் பட்டுத் தெறிப்பதால்தான் கடல் நீலம் என்று பெரிய விஞ்ஞானி ராலே சொல்லியிருந்தார். ராமன் கையில் நிக்கோல் பிரிசம் என்ற சின்ன கருவி இருந்தது. கண்கூச்சம் தெரியாமல் இருக்க போலராய்டு கண்ணாடி போடுறோம் இல்லையா, அந்த வேலையைத்தான் அது செய்யும். அதன் வழியே பார்த்து, மேற்பரப்பில் தெறிக்கும் ஒளியைத் தடுத்தார். நீலம் போகவில்லை. அப்போ தண்ணீரே ஒளியைச் சிதறடிக்குது!

கல்கத்தா திரும்பியதும் திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுதுன்னு தீவிரமாக ஆராய ஆரம்பிச்சார். இடம், 210 பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். 1876-ல் அதை ஆரம்பித்த மகேந்திரலால் சர்க்கார் யார் தெரியுமா? ஒரு டாக்டர்! (எங்க ஆளு 😊)

1923-ல் கே.ஆர். ராமநாதன் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். சிதறிய ஒளியில் மங்கலாக வேறொரு நிறமும் கலந்திருந்தது. திரவத்தில் அழுக்கு இருக்குமோ என்று திரும்பத் திரும்பச் சுத்திகரித்தாங்க. அது போகவே இல்லை.

1928-ல் அந்த வேலையைக் கையில் எடுத்தவர் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன்.

செட்டப் எவ்வளவு எளிமை பாருங்க. விளக்கு = சூரியன். அதைக் குவிக்க லென்ஸ். நீல-ஊதாவை மட்டும் விடும் ஒரு வடிகட்டி, அந்த நீல-ஊதாவைத் தடுக்கும் இன்னொரு மஞ்சள்-பச்சை வடிகட்டி. பார்க்கும் கருவி = மனிதக் கண்.

முதல் வடிகட்டி தாண்டிய ஒளி திரவத்தில் விழும். இரண்டாவதை கண்ணுக்கு முன்னால் வைத்தால் ஒன்றுமே தெரியக் கூடாது. ஆனால் தெரிந்தது! திரவத்துக்குள் நுழைந்த ஒளியில் கொஞ்சம் நிறம் மாறி வெளியே வந்திருக்கு. சுமார் 60 திரவங்களில் பார்த்துட்டாங்க. எல்லாவற்றிலும் அதே கதை.

பிப்ரவரி 28 அன்று ஒரு சின்ன நிறமாலைமானி வழியே பார்த்தபோது, பழைய நிறம் தனியா, நடுவில் இருட்டு, புதிய நிறம் தனியா நின்றது. அந்த நாளைத்தான் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுறோம். 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணன் பெயரையும் நாம சேர்த்தே சொல்லணும்.

நிறம் ஏன் மாறுது? ஒளி மோதும்போது மூலக்கூறு அதிர்ந்து, கொஞ்சம் ஆற்றலை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு மூலக்கூறும் அதிரும் விதம் வேற. அதனால் வெளிவரும் நிறக் கோடுகள் அந்தப் பொருளின் கைரேகை மாதிரி. இன்றைக்கு மருந்து ஆலைகளில் கையடக்க ராமன் கருவி இருக்கு. கண்ணாடிப் பாட்டிலைத் திறக்காமலேயே உள்ளே இருப்பது என்னன்னு பல பொருட்களுக்குச் சில நொடிகளில் சொல்லிடும்.

வீட்டில் ஒளியைப் பிரித்துப் பார்க்கணுமா? செருப்பு வாங்கின அட்டைப்பெட்டி போதும். ஒரு முனையில் மெல்லிய கீறல், எதிர் முனையில் பழைய சிடி துண்டைச் சாய்த்து ஒட்டுங்க, மேலே பார்க்க ஒரு ஓட்டை. எல்ஈடி பல்பில் நிறங்கள் தொடர்ச்சியாகத் தெரியும். பழைய சிஎஃப்எல் பல்பில் கோடு கோடாகத் தெரியும், அதில் சில உள்ளே இருக்கும் பாதரசத்தின் கைரேகை. ராமன் எஃபெக்ட் இதில் தெரியாது, அது ரொம்ப ரொம்ப மங்கலானது.

⚠️ பிள்ளைகள் இதை வைத்தோ, வெறும் கண்ணாலோ சூரியனைப் பார்க்கவே கூடாது. விழித்திரை கருகும்போது வலியே தெரியாது.

கடைசியா ஒரு வேண்டுகோள். எங்க கேஷுவாலிட்டியில் ராமன் கருவி இல்லை. ஆனா உங்ககிட்ட போன் இருக்கு. ஆலையில் யாருக்காவது விபத்துன்னா, அவரை வண்டியில் ஏற்றும்போதே வேறு ஒருத்தர் பாதுகாப்பான தூரத்தில் நின்னு அந்த டிரம் லேபிளை போட்டோ எடுத்து அனுப்புங்க. லேபிள் இல்லாத டிரம்மைத் தொடாதீங்க, உள்ளே என்னன்னு கேளுங்க. கேட்பது உங்க உரிமை.



அரசு மருத்துவர், கடலூர்