கொர்வெயார் காரும் போடாமல் விட்ட ஓர் இரும்புக் கம்பியும்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அதன் ஓட்டத்தை மேம்படுத்த வெளியில் வாங்கிப் பொருத்தும் பொருட்களில் ஒன்று, கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்வே பார். எங்கள் கராஜ்களில் அதை ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டால் கார் ரோட்டில் ஒட்டிக்கொள்ளுமாம்" என்று பிள்ளைகள் பேசிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். அந்தக் கம்பி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை விளங்கிக்கொள்ள ஒரு பழைய அமெரிக்கக் காரின் வரலாற்றைப் படிப்பது நல்லது. அதில் போடாமல் விட்ட ஒரு கம்பியைச் சுற்றி வழக்குகள் எழுந்தன, ஒரு நூல் வந்தது, கடைசியில் நாட்டின் சட்டமே மாறியது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் கம்பியைப் பற்றி.

கார் ஒன்று வளைவில் வேகமாகத் திரும்பும்போது அதன் உடல் வெளிப்பக்கமாகச் சாயும். இடது சில்லையும் வலது சில்லையும் ஒரு முறுக்குக் கம்பியால் இணைத்துவிட்டால், ஒரு பக்கம் அமுங்க முயலும்போது கம்பி முறுகி அதை எதிர்க்கும். சாய்வு குறையும். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் 1919 இலேயே இத்தகைய கம்பிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆகவே நாம் பேசப்போகும் காலத்தில் இது புதிய கண்டுபிடிப்பு அல்ல.

இதில் பலர் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கம்பி டயருக்குப் புதிதாகப் பிடியைக் கொடுப்பதில்லை. பாரம் எந்தப் பக்கம் கூடுதலாக விழ வேண்டும் என்பதை மட்டுமே அது மாற்றுகிறது. முன்பக்கக் கம்பி கடினமானால் முன்னால் உள்ள வெளிப்பக்க டயர் அதிக பாரத்தைச் சுமக்கும், முன்பக்கம் முதலில் பிடியை விடும். அப்போது கார் நாம் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வளைவின் வெளிப்பக்கமாக விலகிப் போகும். சாரதி பயந்து அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெரும்பாலும் அது சரியாகும். பின்பக்கம் முதலில் பிடியை விட்டாலோ காரின் வால் சுழன்று வரும். அப்போது காலை எடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பழகிய பந்தய ஓட்டுநர் சமாளிப்பார். பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவிட்டுத் திரும்பும் தாய்க்கு அது சாத்தியமில்லை.

இனி அந்தக் கார்.

1959 ஒக்டோபரில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் செவ்ரோலே பிரிவு கொர்வெயார் என்ற சிறிய காரை அறிமுகப்படுத்தியது. அமெரிக்கர்கள் முன்னால் பெரிய இயந்திரம் வைத்த நீளமான கார்களுக்குப் பழகியிருந்த காலம் அது. ஜெர்மனியின் வொக்ஸ்வேகன் கார்கள் அங்கே நன்றாக விற்பனையாகிக்கொண்டிருந்தன. அதற்குப் பதிலாக செவ்ரோலேயின் தலைவர் எட் கோல் துணிச்சலான ஒரு முடிவை எடுத்தார். காற்றால் குளிரூட்டப்படும் ஆறு சிலிண்டர் அலுமினிய இயந்திரம், அதுவும் காரின் பின்னால்! மோட்டர் ட்ரெண்ட் சஞ்சிகை 1960 இன் சிறந்த காராக இதைத் தெரிவு செய்தது. பின்னர் வந்த மொன்சா என்ற வகை இளைஞர்களைக் கவர்ந்தது. 'ஏழையின் போர்ஷ்' என்று இதற்குச் செல்லப்பெயரும் உண்டு.

ஆனால் பின்னால் இயந்திரம் இருந்ததால் காரின் எடையில் 60 வீதத்துக்கும் மேல் பின்சில்லுகளின் மேல் விழுந்தது. பின்பக்க அச்சோ 'ஸ்விங் அக்சில்' வகை. அதாவது இரு பக்க அச்சுகளும் நடுவில் மட்டும் மூட்டு வைத்துப் பறவையின் சிறகைப்போல் மேலும் கீழும் அசையும். கடுமையான வளைவில் காரின் பின்பக்கம் எழும்பும்போது வெளிப்பக்கச் சில்லு உள்நோக்கி மடங்கும். டயரின் ஓரம் மட்டும் தரையைத் தொடும். பிடி திடீரெனப் போய்விடும். வால் சுழலும், சில வேளை கார் புரளவும் செய்யும்.

முன்பக்கம் ஒரு ஸ்டெபிலைசர் பார் போட்டிருந்தால் இந்த அபாயம் குறைந்திருக்கும். முன்பக்கம் முதலில் பிடியை விடும், சாரதிக்கு எச்சரிக்கை கிடைக்கும். ஆனால் விலையைக் குறைக்க வேண்டியிருந்ததால் அந்தக் கம்பி வழமையான பாகமாகப் போடப்படவில்லை. அதற்குப் பதிலாக டயரின் காற்றை நம்பினார்கள். முன்டயருக்கு 15 இறாத்தல், பின்டயருக்கு 26 இறாத்தல் என்று உரிமையாளர் கைநூலில் எழுதினார்கள். முன்டயரில் காற்று குறைவாக இருந்தால் முன்பக்கம் மந்தமாகத் திரும்பும், கம்பி செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை அது செய்யும் என்பது கணக்கு.

காகிதத்தில் கணக்குச் சரிதான். ஆனால் கைநூலை எடுத்து வாசிப்பவர் எத்தனை பேர்? நான்கு டயருக்கும் ஒரே அளவு காற்று அடிப்பதுதான் உலக வழக்கம். பல இலட்சம் மக்களின் பாதுகாப்பை, மறந்துபோகக்கூடிய ஓர் எண்ணின்மேல் வைத்துவிட்டார்கள்.

வெளிச்சந்தை இங்கேதான் வருகிறது. கலிபோர்னியாவின் ரிவர்சைட் நகரில் இருந்த எம்பி என்ற நிறுவனம், 'கேம்பர் கொம்பென்சேட்டர்' என்ற பாகத்தை விற்றது. பின் அச்சுகளுக்குக் கீழே குறுக்காகப் பொருத்தும் ஒரு பட்டை வில் அது. சில்லு உள்ளே மடங்குவதைத் தடுக்கும். செவ்ரோலேயும் 1962 மாதிரியிலிருந்து கடினமான வில்களோடு முன்பக்கக் கம்பியும் சேர்ந்த ஒரு தொகுதியை மேலதிகக் கட்டணத்துக்குத் தந்தது. பந்தய ஓட்டுநர் ஜோன் ஃபிட்ச், கொர்வெயாரை வாங்கித் திருத்தி 'ஸ்பிரின்ட்' என்ற பெயரில் விற்றார். 1955 இல் பிரான்சின் லெமான் பந்தயத்தில் 80 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த விபத்தின்போது, அதில் சிக்கிய காரை அடுத்து ஓட்டுவதற்குக் காத்திருந்தவர் இவர். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மோதும் வாகனத்தின் வேகத்தை உறிஞ்சும் மணல் பீப்பாய்த் தடுப்புகளைப் பின்னாளில் உருவாக்கியவரும் இவரே.

ஆக, குறை இருப்பதும் தெரிந்திருந்தது, மருந்தும் கடையில் இருந்தது. தெரிந்தவர் வாங்கிப் போட்டார். தெரியாதவர் அப்படியே ஓட்டினார்.

நிறுவனத்துக்குள் என்ன நடந்தது? அங்கு உயர்பதவியில் இருந்த ஜோன் டிலோரியனின் நினைவுகள் 1979 இல் நூலாக வந்தன. அவர் சொல்வதன்படி, செவ்ரோலேயின் தலைமைப் பொறுப்புக்கு வந்த பங்கி நூட்சன் பின்பக்கத்துக்கு ஒரு நிலைப்படுத்தும் கம்பி கேட்டார். காருக்கு ஏறத்தாழ 15 டொலர் செலவு. மேலிடம் அதிகம் என்று மறுத்தது. பதவி விலகுவேன் என்று அவர் சொன்ன பிறகே இணங்கியது. இது ஒருவரின் சாட்சியம் மட்டுமே. ஆனால் 1964 மாதிரியில் முன்பக்கக் கம்பி வழமையான பாகமானதும், பின்னால் குறுக்குப் பட்டை வில் ஒன்று சேர்க்கப்பட்டதும் மறுக்க முடியாத பதிவுகள். கடையில் விற்ற மருந்தையே தொழிற்சாலை கடைசியில் எடுத்துக்கொண்டது. 1965 மாதிரியில் ஸ்விங் அக்சிலே நீக்கப்பட்டுப் புதிய பின்பக்க அமைப்பு வந்தது.

அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் குவிந்திருந்தன. 1965 நவம்பரில் லெபனானிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்த ரால்ஃப் நேடர் என்ற 31 வயதுச் சட்டத்தரணி, 'எந்த வேகத்திலும் ஆபத்தானது' என்ற கருத்துடைய தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். கொர்வெயாரைப் பற்றியது அதன் முதல் அத்தியாயம் மட்டுமே. மற்றவை முழு வாகனத் தொழிலைப் பற்றியவை. நிறுவனம் பதில் எழுதியிருக்கலாம். அதைவிட்டு, நேடரின் அந்தரங்க வாழ்வைத் தோண்ட துப்பறிவாளர்களை ஏவியது. விடயம் வெளியே வந்தது. 1966 மார்ச்சில் ஜெனரல் மோட்டர்ஸின் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் உபகுழுவின் முன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டெம்பர் 9 ஆம் திகதி ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒப்பமிட்டார். வாகனங்களுக்கான பாதுகாப்புத் தரத்தை நிறுவனம் அல்ல, அரசாங்கம் வகுக்கும் என்ற நிலை அங்கே அன்றுதான் வந்தது. நேடர் தொடுத்த வழக்கை 1970 இல் 425,000 டொலர் கொடுத்து நிறுவனம் தீர்த்துக்கொண்டது.

கதையை இங்கே முடித்தால் நல்லவர், கெட்டவர் என்று இலகுவாகப் பிரித்துவிடலாம். ஆனால் வரலாறு படிப்பவர்கள் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். 1972 இல் அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1963 கொர்வெயாரை ஃபோர்ட் ஃபல்கன், பிளிமத் வேலியன்ட், வொக்ஸ்வேகன், ரெனோ ஆகிய சமகாலக் கார்களோடு சோதித்துப் பார்த்துவிட்டு, அவற்றைவிட இது அதிகம் புரளக்கூடியதோ கட்டுப்பாட்டை இழக்கக்கூடியதோ அல்ல என்று அது முடிவு சொன்னது. நேடர் அந்த முடிவை ஏற்கவில்லை. இன்றுவரை கார் பிரியர்கள் இரு தரப்பாக நின்று வாதாடுகிறார்கள். கார் மட்டும் 1969 மே மாதத்தோடு நின்றுபோனது. 17 இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட அந்தக் காரில் கடைசி ஆண்டு மாதிரிக்கு வெறும் 6,000 மட்டுமே வந்தன. நூல் மட்டும் அதற்குக் காரணம் அல்ல. 1964 இல் வந்த ஃபோர்ட் மஸ்டாங் இளைஞர்களை ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் நாம் எந்தப் பக்கம்? அறிக்கை சரியாகவே இருந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மற்றவர்களின் காரும் இதே அளவு ஆபத்தானது என்பது, கம்பியை விட்டதற்கு நியாயமாகுமா? தெரிந்த மருந்தைப் பணம் கட்டியவருக்கு மட்டும் கொடுத்து, மற்றவரிடம் ஒரு காற்றழுத்த எண்ணை மட்டும் கொடுத்தது சரியா? எங்கள் பார்வையில் சரியல்ல. ஒரு பொருளை விற்பவர் அதன் குறையை அறிந்திருந்தால், வாங்குபவர் கேட்கும் முன்பே அதைத் திருத்துவதுதான் கடமை.

கடைசியாக, இன்று ஸ்வே பார் வாங்கப் போகும் தம்பிமாருக்கு.

இந்தக் கம்பிகளின் முனைக் கையில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். லிங்கை உள்துளைக்கு மாற்றினால் நெம்பு குறுகிக் கம்பி கடினமாகும், வெளித்துளைக்கு மாற்றினால் மென்மையாகும். திண்மக் கம்பியின் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 20 மில்லிமீற்றரை 22 ஆக்கினால் கூடுவது 10 வீதம் அல்ல, ஏறத்தாழ 46 வீதம். பின்பக்கத்தை மட்டும் கடினமாக்கினால் கார் சுறுசுறுப்பாகத் திரும்புவதுபோல் தோன்றும். ஆனால் மழை பெய்த வீதியில் அது கொர்வெயாரைப்போல் வாலை வீசத் தொடங்கலாம். அளவுக்கு மிஞ்சிக் கடினமாக்கினால் உள்பக்கச் சில்லு தரையைவிட்டு எழும்பும். ஒரு பக்கச் சில்லு குழியில் விழுந்தால் அடி மற்றப் பக்கத்துக்கும் போகும்.

ஆகவே முதலில் டயரையும் அதன் காற்றையும் சரிபாருங்கள். கம்பியை மாற்றினால் ஒரு நேரத்தில் ஒரு துளை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை எழுதி வையுங்கள். அந்தக் காரை வீட்டில் வேறு யாராவது ஓட்டுவதாக இருந்தால், என்ன மாற்றினீர்கள் என்பதை அவர்கள் திறப்பை எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கொர்வெயார் வாங்கிய பலருக்கு அதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை.